பட்டறையில் இருந்த கிராம்பு

1968ல் டிப்ளமோ முடித்து, பீளமேட்டுப் பக்கம் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் ஷாப் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். வயது இருபது. முதல் நாள் காலையில் மேஸ்திரி என்னைப் பார்த்து, "தம்பி, அந்த மூலையில நாலடிக் கிராம்பு ரெண்டு இருக்குதுங்க, யாரையாச்சும் எடுத்தாரச் சொல்லுங்க" என்றார். நாலடி நீளத்துக்குக் கிராம்பா? புதுப் பையனை எல்லாருமாகச் சேர்ந்து ஆழம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். மேஸ்திரி சிரிக்கவில்லை. அவரே எழுந்து போய், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான இரண்டு இரும்புப் பட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

இங்கிலாந்துக்காரன் அதை 'கிராம்ப்' என்பான், அமெரிக்காக்காரன் 'கிளாம்ப்' என்பான். கோயமுத்தூர்ப் பட்டறைகளுக்கு அது முதலில் ஷெஃபீல்டிலிருந்து வந்ததால், எங்கள் மேஸ்திரி வாயில் அது கிராம்பு ஆகிவிட்டது. பிரியாணிக்குப் போடுகிற அதே கிராம்பு. இன்றைய பையன்கள் எல்லாரும் கிளாம்ப் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் மேஸ்திரி சொன்ன பெயர்தான் நாக்கில் வருகிறது. இந்தக் கட்டுரையில் கிளாம்ப் என்றே எழுதிவிடுகிறேன், யாரும் மளிகைக் கடைக்குப் போய் நிற்க வேண்டாம்.

தெரியாதவர்களுக்கு: நீண்ட இரும்புப் பட்டை ஒன்று. ஒரு முனையில் திருகு வைத்த தலை. மறுபக்கம் வேண்டிய இடத்துக்கு நகர்த்தி நிறுத்திக்கொள்ளும் இன்னொரு தலை. நடுவில் பசை தடவிய பலகைகளை வைத்துத் திருகை முறுக்கினால், பசை காயும்வரை விடாமல் பிடித்துக்கொள்ளும். கதவு, ஜன்னல், மேஜைப் பலகை எதுவானாலும் இரண்டு மூன்று பலகைகளை ஒட்டித்தானே அகலம் கொண்டுவர முடியும்.

அப்படியானால் அது வருவதற்கு முன்னால் நம் ஊர்த் தச்சர்கள் என்ன செய்தார்கள்? இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். பல்லடம் பக்கம் எங்கள் ஊரில் மர வேலை செய்தவர்களிடம் ஒரு கிளாம்ப்கூட இருந்ததில்லை. ஆனால் அவர்கள் செய்த கதவுகள் இன்றும் நிற்கின்றன. அவர்கள் பசையை நம்பவில்லை. துளை போட்டு, அதில் மர நாக்கை இறக்கி, குறுக்கே மூங்கில் ஆணி அடித்தார்கள். அந்த ஆணிக்கான ஓட்டையை ஒரு நூல் அளவு தள்ளிப் போடுவார்கள். ஆணி உள்ளே போகப் போக இணைப்பை அதுவே இழுத்து இறுக்கிவிடும். பலகை சேர்க்க வேண்டி வந்தால் கனமான சட்டத்தில் இரண்டு கட்டைகளை அடித்து, இடுக்கில் ஆப்பு வைத்து இறுக்குவார்கள். இல்லாவிட்டால் கயிற்றைச் சுற்றி நடுவில் குச்சியைச் செருகி முறுக்குவார்கள். ஆப்பும் முறுக்கும் போதுமானதாக இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கிளாம்ப் எங்கள் ஊர் வண்டிச் சக்கரத்தில் இருந்தது. உங்களில் அறுபது தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். குடம், அதில் செருகிய ஆரக்கால்கள், அவற்றின் தலையில் துண்டு துண்டாகக் கோத்த வட்டை. இதில் எங்கும் பசை கிடையாது. சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சின்னதாக இரும்புப் பட்டா செய்து, தரையில் படுக்க வைத்து, சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ வைப்பார்கள். ஐந்தடிச் சக்கரத்துக்குச் சுற்றளவு பதினைந்தேமுக்கால் அடி. 400 டிகிரி சூடேறினால் இரும்பு கிட்டத்தட்ட முக்கால் அங்குலத்துக்கு மேல் நீளும். நாலு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின் மேல் வைத்து, சுத்தியலால் தட்டி இறக்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். புகையும் ஆவியும் கிளம்பும். அதற்குள்ளிருந்து மரம் முனகுகிற ஒரு சத்தம் வரும். பட்டா சுருங்கி, ஒவ்வொரு ஆரக்காலையும் குடத்துக்குள் தள்ளுகிற சத்தம் அது. திருகே இல்லாத, ஒருபோதும் கழற்றாத கிளாம்ப். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு நான் பார்த்த நல்ல விஷயங்களில் அது ஒன்று.

பசையும் இருந்தது. வஜ்ரம் என்போம், மாட்டுத்தோல், எலும்பு காய்ச்சி எடுத்தது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் வஜ்ரம் உருகிக்கொண்டிருக்கும். நாற்றம் தெருமுனைவரை வரும். அதற்கு ஒரு குணம் உண்டு. சூடாகத் தடவி இரண்டு பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து முன்னும் பின்னும் தேய்த்தால், ஆற ஆற அதுவே இறுகி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கிளாம்ப் தேவையே இல்லை. ஆனால் ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் வேலையை முடித்தாக வேண்டும். ஈரம் பட்டால் இளகிவிடும்.

இந்த 'ஈரம் பட்டால்' என்பதுதான் கோயமுத்தூரில் பெரிய விஷயமாயிற்று.

நம் ஊரின் தொழில் வரலாறு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1888ல் ஸ்டேன்ஸ் துரையின் மில். 1926ல் பி.எஸ்.ஜி. அறநிலையமும் அதன் தொழிற்கூடமும். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்து, மில்லும் கிணற்று மோட்டாரும் பெருகின. 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். இந்தக் கதையை யார் சொன்னாலும் இரும்பு, பருத்தி, மின்சாரம் என்று மூன்றைத்தான் சொல்வார்கள். மரத்தைச் சொல்வதில்லை. ஆனால் மோட்டார் கூடு, பம்ப் உடல், மில்லின் பல்சக்கரம் என்று இந்த ஊரில் வார்த்த எந்த இரும்புக்கும் முன்னால் அதே வடிவத்தில் ஒரு மரம் இருந்தது. அதைத்தான் பேட்டர்ன் என்கிறோம். மணலில் அதைப் புதைத்து, அச்சு எடுத்து, வெளியே உருவி, அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்ற வேண்டும். மரம் கோணினால் இரும்பும் கோணும்.

அந்த மர வேலை சாதாரணத் தச்சு வேலை இல்லை. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும். அதனால் மேஸ்திரியின் அளவுகோலே வேறு. அதில் ஓர் அடி என்பது உண்மையான ஓர் அடியைவிட எட்டில் ஒரு அங்குலம் கூடுதல். அதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கட்டில் செய்த ஒருவர் கதை எங்கள் ஷாப்பில் ரொம்ப நாள் ஓடியது. பெரிய சக்கரம் என்றால் ஒரே பலகையில் வெட்ட மாட்டார்கள். வட்டத்தை ஆறு துண்டாக வெட்டி ஒட்டி, அதன்மேல் இன்னொரு ஆறு துண்டை, செங்கல் கட்டுகிற மாதிரி மூட்டு மாறி வரும்படி ஒட்டி, அடுக்கடுக்காக ஏற்றிக் கடைசியில் கடைவார்கள். தேக்கு, நன்றாகக் காய்ந்தது. இணைப்பு எல்லாமே பசைதான். இது போய் உட்காருகிற இடமோ ஈர மணல். அரக்கு வார்னிஷ் மூன்று கை பூசினாலும், எங்காவது கீறலில் ஈரம் இறங்கி வஜ்ரம் இளகிவிடும்.

1959ல் பம்பாயில் பல்வந்த்ராய் பாரேக் ஃபெவிகாலைக் கொண்டுவந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த சமயத்தில் எங்கள் ஷாப்புக்கு அது வந்திருந்தது. காய்ச்ச வேண்டாம், நாற்றம் இல்லை, வஜ்ரத்தைவிட ஈரத்தைத் தாங்கும். அவசரமும் இல்லை, தடவிவிட்டு நிதானமாகச் சேர்க்கலாம். எல்லாருக்கும் சந்தோஷம். மேஸ்திரிக்கு மட்டும் முகம் சரியில்லை. "இது தானாப் புடிக்காதுங்க தம்பி. நாம புடிச்சுட்டே நிக்கோணும்" என்றார். வெள்ளைப் பசை ஆறி இறுகுவதில்லை, நீர் வற்றித்தான் இறுகும். அதுவரை மணிக்கணக்கில் யாராவது அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கிளாம்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் திருகைப் பற்றியும் இரும்பைப் பற்றியும் எழுதுவார்கள். என்னைக் கேட்டால் முதலில் பசையைப் பற்றி எழுத வேண்டும். பசை மாறியதால்தான் கிளாம்புக்குப் பஞ்சம் வந்தது.

எங்கள் ஷாப்பில் இருந்தவை மொத்தம் மூன்று. ரெக்கார்ட் கம்பெனி, நீல வண்ணம், ஷெஃபீல்டில் சி அண்ட் ஜே ஹாம்ப்டன் செய்தது. பட்டையில் வரிசையாக ஓட்டைகள், பின் தலையை நிறுத்த ஒரு பின், அது தொலையாமல் இருக்கச் சின்னச் சங்கிலி. 1957 வாக்கில் அன்னியச் செலாவணி நெருக்கடி வந்து இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விழுந்த பிறகு, நாலாவது வாங்க வழியில்லை. மில் இயந்திரத்துக்கே லைசென்ஸ் கிடைக்காத காலத்தில் கிளாம்புக்கு யார் கொடுப்பார்கள்?

பாடப்புத்தகக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். கெட்டி மரத்தைச் சேர்க்கச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 12 கிலோ அழுத்தம் வேண்டும். நாலடி நீளம், ஓர் அங்குலக் கனம் உள்ள பலகையின் விளிம்பு 300 சதுர சென்டிமீட்டர். ஆக 3,600 கிலோ. ஒரு நல்ல கிளாம்ப் 300 கிலோ கொடுக்கும். அப்படியென்றால் ஒரு பலகைக்குப் பன்னிரண்டு கிளாம்ப்! மேஸ்திரியிடம் சொன்னேன். "இழைப்புளி ஒழுங்காப் போட்டா அஞ்சு போதுமுங்க" என்றார். விளிம்பு நேராக இருந்தால் அழுத்தம் குறைவாகப் போதும், பாதி அழுத்தம் வளைந்த பலகையை நேராக்கத்தான் செலவாகிறது என்று அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த ஐந்தும் எங்களிடம் இல்லை.

1969 கடைசியில் ஒரு மில்லுக்குப் பெரிய சக்கரம் வார்க்கும் வேலை வந்தது. அவசரம். அடுக்கு ஒட்ட ஒட்ட மூன்று கிளாம்பையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு ராத்திரி விடவேண்டும் என்றார் மேஸ்திரி. நான் கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் கழற்றி அடுத்த அடுக்குக்குப் போடச் சொன்னேன். மீதி இடத்தில் இரும்புக் கட்டிகளைப் பாரமாக வைத்தோம். அதுவும் போதாதென்று, இருந்த மூன்றையும் குழாய் போட்டு முறுக்கச் சொன்னேன். அங்கே பசை முழுவதும் வெளியே பிதுங்கி, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் ஒன்றுமே மிஞ்சவில்லை. மற்ற இடத்தில் அழுத்தமே இல்லை. கடைந்து வார்னிஷ் பூசியதும் அழகாகத்தான் இருந்தது. ஈர மணலில் வைத்து இடித்தபோது மூன்று இடத்தில் வாய் விட்டது. மோல்டருக்குத் தெரியவில்லை. இரும்பு ஊற்றி, மறுநாள் உடைத்து எடுத்தபோது சக்கரத்தில் மூன்று வரம்புகள் எழும்பி, வட்டம் முட்டையாகியிருந்தது. முக்கால் டன் வார்ப்பு திரும்பக் குபோலாவுக்குப் போனது. முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட்டுத்தான் பேசினார். அவசரப்படுத்தியது நான் என்று மேஸ்திரி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் கிளாம்ப் நாமே செய்வது என்று முடிவாயிற்று. பவுண்டரி நம்முடையது, லேத் பக்கத்துக் கொட்டகையில், இரும்புப் பட்டை உக்கடத்தில் எடைக்குக் கிடைக்கும். இதற்கு ஏன் இத்தனை நாள் காத்திருந்தோம் என்று தோன்றியது. செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

முதலில் ஷெஃபீல்டுத் தலையை அப்படியே அச்செடுத்து எங்கள் வார்ப்பிரும்பில் ஊற்றினோம். எட்டில் மூன்று, முறுக்கும்போதே பட்டென்று உடைந்தன. எல்லாம் ஒரே இடத்தில், திருகு நிற்கும் காது பட்டையோடு சேரும் மூலையில். சாதா வார்ப்பிரும்பு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. மேஸ்திரி பேட்டர்னின் அந்த மூலையில் மெழுகு வைத்து வளைவாக்கினார், முதுகில் ஒரு விலா எலும்பு சேர்த்தார். உடைவது நின்றது. பிற்பாடு மெக்னீசியம் சேர்த்த எஸ்.ஜி. இரும்பு நம் ஊரில் பரவலானதும் இந்தக் கவலையே போயிற்று. ஆனால் அந்த விலா எலும்பை நாங்கள் எடுக்கவில்லை.

திருகுக்கு முதலில் கடையில் கிடைத்த முக்கோண மரை போல்ட்டைப் போட்டோம். சீக்கிரம் தேய்ந்தது, முறுக்கவும் கனம். பிறகு முக்கால் அங்குலக் கம்பியில் அங்குலத்துக்கு ஐந்து சதுர மரை வெட்டினோம். நாலு அங்குலம் தள்ளிப் பத்துக் கிலோ பலத்தில் கைப்பிடியைச் சுற்றினால், கணக்குப்படி 1,250 கிலோ வரவேண்டும். முக்கால் பங்கை உராய்வு தின்றுவிடும். மிஞ்சுவது 300 கிலோ. உராய்வைத் திட்டக் கூடாது, அது இல்லாவிட்டால் கையை எடுத்ததும் திருகு தானாகவே சுழன்று விட்டுவிடும்.

அடுத்தது பட்டை வளைவு. திருகு ஓரிடத்தில் தள்ளுகிறது, பட்டை இன்னோரிடத்தில் இருக்கிறது. இழுப்பு நடுவில் இல்லாததால் பட்டை வில் மாதிரி வளையும், பலகையும் சேர்ந்து வளைந்து ஒட்டிக்கொள்ளும். கனத்தை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்கு, ஆனால் நிற்கும் உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு என்று படித்திருந்தேன். கால் அங்குலக் கனத்தை எட்டில் மூன்றாக ஏற்றி, ஒன்றேகால் அங்குல உயரத்தை ஒன்றரை ஆக்கினோம். நான் படித்தது பயன்பட்ட இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அப்படியும் கொஞ்சம் வளையத்தான் செய்தது. மேஸ்திரி ஒரு கிளாம்பைப் பலகைக்கு மேலேயும் அடுத்ததைக் கீழேயும் மாற்றி மாற்றிப் போட்டு, வளைவை வளைவாலேயே சரிக்கட்டினார். உலகத்துத் தச்சர்கள் எல்லாரும் செய்கிற உபாயம் இது, அவர் யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை.

கடைசியாகப் பின் தலை. இதைத்தான் நான் எழுத வந்தேன்.

ஓட்டையும் பின்னும் எங்களுக்குப் பிடிக்கவில்லை. ஓட்டை போட ஆள் கூலி, ஓட்டை போட்ட இடத்தில் பட்டை பலவீனம், பின் தொலைந்தால் ஆணியைச் செருகுவது, அது வளைந்து மாட்டிக்கொள்வது. ஓட்டையே இல்லாமல், நகர்த்திவிட்ட இடத்தில் தானே நிற்கிற தலை வேண்டும். மேஸ்திரிக்கு யோசனை வந்தது அவருடைய உளிப்பெட்டியிலிருந்து. ஒரு நாள் இழுப்பறையை ஓரமாகப் பிடித்து இழுத்தார், சிக்கிக்கொண்டது. நடுவில் பிடித்து இழுத்தார், வந்தது. என்னைக் கூப்பிட்டார். "கோணலா இழுத்தாச் சிக்கிக்குதுங்களா இல்லீங்களா? நம்ம தலையும் அப்படிச் சிக்கோணுமுங்க."

பட்டை நுழைகிற ஓட்டையைக் கொஞ்சம் தாராளமாக வைத்து, தலை சும்மா நகரும்படி செய்வது. திருகு தள்ளும்போது தலை ஒருபக்கம் சாய்ந்து பட்டையைக் கவ்விக்கொள்ள வேண்டும். படம் நான் போட்டேன். தலையின் கழுத்தை, அதாவது பட்டை நுழையும் பகுதியின் நீளத்தை, இரண்டு அங்குலம் வைத்தேன். நீளமாக இருந்தால் பிடி உறுதியாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றுமல்லவா? வார்த்து மாட்டி முறுக்கினோம். வழுக்கிக்கொண்டே போனது. இரண்டரை அங்குலமாக்கினேன். இன்னும் மோசம். மேஸ்திரி ஒன்றும் பேசாமல் அந்தத் தலையை எடுத்துப்போய், ரம்பத்தில் கழுத்தை முக்கால் அங்குலத்துக்கு அறுத்துக்கொண்டு வந்தார். மாட்டினோம். நின்றது. குழாய் போட்டு முறுக்கினோம். அசையவில்லை. திருகைத் தளர்த்தியதும் ஒரு விரலால் தள்ளினால் ஓடியது.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கழுத்து குட்டையாக இருந்தால்தான் அதன் இரு ஓரங்களும் பட்டையை அதிகப் பலத்தோடு நெம்பும். உராய்வு எண்ணைக் கையின் நீளத்தால் பெருக்கி இரட்டிக்க வேண்டும். கழுத்து அதைவிடக் குட்டையாக இருந்தால் கவ்வும், நீண்டால் வழுக்கும். எங்கள் தலைக்குக் கை நாலு அங்குலம், இரும்போடு இரும்பு உராய்வு 0.15 என்று வைத்தால், எல்லை ஒன்றேகால் அங்குலம் சுமார். நான் இரண்டும் இரண்டரையும் வைத்தேன். அவர் முக்கால் வைத்தார். எப்படித் தெரியும் என்று மறுநாள் கேட்டேன். "சின்ன இழுப்பறைதானுங்க சீக்கிரம் சிக்கும். நீளப் பெட்டி சிக்காதுங்க" என்றார். ஆழம் குறைந்து அகலமாக இருக்கிற இழுப்பறையைச் சொன்னார். எந்தத் தச்சருக்கும் தெரிந்த விஷயம், எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் மேக்ஸ் பெஸ்ஸி என்பவர் 1889ல் தொடங்கிய இரும்புக் கம்பெனி, 1936லிருந்தே கிளாம்ப் செய்துவந்தது என்பதும், சாய்ந்து கவ்வும் தலை ஐரோப்பாவில் பழைய சங்கதி என்பதும் ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதனால் நாங்கள் கண்டுபிடித்தோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொட்டகையில் அன்று யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

அந்த வருஷம் கம்பெனியில் ஆலோசனைத் திட்டம் ஒன்று வைத்தார்கள். நல்ல யோசனைக்குப் பரிசு. விண்ணப்பம் ஆங்கிலத்தில். நான் நிரப்பினேன், படம் வைத்தேன், கணக்கு வைத்தேன். யோசனை கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். எழுதும்போது, விண்ணப்பம் போடுகிறவன் நான்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. நூற்றைம்பது ரூபாயும் ஒரு சான்றிதழும் கிடைத்தன. அறிவிப்புப் பலகையில் பெயர் வந்தது. அடுத்த வருஷம் எனக்கு உயர்வு கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். மேஸ்திரிக்கு ஒரு வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "உடைஞ்சு போன தலை ரெண்டு, பட்டைத் துண்டு ரெண்டு கெடக்குதுங்க. ஊட்டுக்கு எடுத்துக்கட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார். கழிவு இரும்புச் சீட்டில் நான் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நாற்பது கிளாம்ப்வரை செய்துகொண்டோம். எண்ணெய் பட்ட பட்டையில் தலை வழுக்குகிறது என்று தெரிந்ததும், பட்டையின் ஓரத்தில் அரத்தால் பல் கீறினோம். 1970களில் கிணற்றுக்குக் கிணறு ஜெட் பம்பும் கம்ப்ரசரும் வந்த காலத்தில், கழற்றிப் போட்ட ஜி.ஐ. குழாய்க்குப் பஞ்சமில்லை. முக்கால் அங்குலக் குழாய்க்குத் தலை வார்த்து, பட்டை இல்லாமலேயே எட்டடி, பத்தடிக்குக் கிளாம்ப் செய்தோம். சிகாகோவில் 1903ல் தொடங்கிய அட்ஜஸ்டபிள் கிளாம்ப் கம்பெனியின் 'போனி' என்ற குழாய்க் கிளாம்ப் அமெரிக்கத் தச்சர்களிடையே பிரபலம். நம்முடையது அதைவிட அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும். ஒரே தொல்லை, வண்ணம் போன இரும்பு ஈரப் பசையில் பட்டால் தேக்கில் கறுப்புக் கறை விழும். நடுவில் தினத்தந்தித் துண்டை வைத்துவிடுவோம். சில பேட்டர்ன்களின் முதுகில் செய்திகள் தலைகீழாக ஒட்டியிருக்கும்.

நான் 2006ல் ஓய்வு பெற்றேன். அதற்குள் பேட்டர்ன் அலுமினியத்துக்கும் ரெசினுக்கும் போய்விட்டது, கம்ப்யூட்டர் வைத்த இயந்திரம் கட்டையைக் குடைந்து கொடுத்தது. கிளாம்புகள் எடைக்குப் போயின. யாரும் கணக்கு வைக்கவில்லை, நானும் ஒன்றுகூட எடுத்துவைக்கவில்லை.

மேஸ்திரி காலமான செய்தி எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. சரவணம்பட்டி தாண்டி அவர் மகன் ஜன்னல், கதவு வேலை செய்கிறார். துக்கம் கேட்கப் போனேன். திண்ணையில் ஒரு ஜன்னல் சட்டம் பசை காய்ந்துகொண்டிருந்தது. பிடித்துக்கொண்டிருந்தவை அந்த இரண்டும். உடைந்த காதைப் பற்றவைத்து ஒட்டியிருந்தார்கள். கழுத்து முக்கால் அங்குலம். பட்டை ஓரத்தில் பல் கீறியிருக்கவில்லை, பதிலாகச் சுண்ணாம்புக்கட்டி தேய்த்திருந்தது. வழுக்காமல் இருக்க அப்பா சொல்லிக்கொடுத்தது என்றார் மகன். திருகுக்கு மட்டும்தான் எண்ணெய், பட்டையில் ஒரு சொட்டும் படக்கூடாது என்பாராம்.

முப்பத்தைந்து வருஷம் கழித்து முதல் தடவையாகச் சொன்னேன். "தம்பி, இந்தத் தலை உங்கப்பா யோசனை. பரிசு என் பேர்ல வந்தது."

அவர் முகத்தில் குழப்பம். "அப்பா அப்படிச் சொல்லலீங்களே. நம்ம சூப்பர்வைசர் போட்ட டிசைன்னுதானுங்க சொல்லுவாரு. வர்றவங்க போறவங்ககிட்டெல்லாம் காமிப்பாரு."

மறுபடியும் சொன்னேன், இழுப்பறைக் கதையையும் சேர்த்து. கேட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து காபி வந்தது. மணி பார்த்துவிட்டு அவர் எழுந்து போய்த் திருகுகளைத் தளர்த்தினார். தலை இரண்டும் ஒரு விரலுக்கு ஓடின. சட்டத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அடுத்ததற்குப் பசை தடவ ஆரம்பித்தார். ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.